கோளரங்கத்தில் ஆறாமீன்

சுகுணா: ...பாத்துங்க. இங்க ஒரு படி இருக்கு.

விஜயன்: தெரியுதுடி. கார் நிக்கோபார் தீவு வரைக்கும் போட் ஓட்டறவனுக்கு நீ வழி காட்டறியா?

சுகுணா: இல்லங்க, வெயில்லேருந்து உள்ள வந்தா...

விஜயன்: அரே, பஸ் கரோ, போதும்டி. கோளரங்கம் கோளரங்கம்னு ஒரு வாரமா உயிர எடுத்த. வந்தாச்சு. உக்காரு.

சுகுணா: நீங்க ராத்திரியில பாத்துட்டுப் போற நட்சத்திரத்த நானும் கத்துக்க வேணாமா? இந்த ஷோவுக்கு நாம ரெண்டே பேருதான். நம்ம பக்கத்து வீட்டு சுதாகர்தான் படம் போடற மெஷின்ல இருக்காரு.

விஜயன்: ம்...

சுகுணா: என்னங்க... நாளைக்கு ராத்திரி டிரிப் நீங்கதானா?

விஜயன்: நான்தான். ஏன்?

சுகுணா: கண் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டுப் போனா...

விஜயன்: மறுபடி ஆரம்பிச்சிட்டியா? அன்னைக்கு வாசல்ல நாய மிதிச்சதுக்கா? அது கறுப்பு நாய். இருட்டுல யாருக்குத் தெரியும்?

சுகுணா: வெள்ள நாய்ங்க அது.

விஜயன்: ...பேசாத. கமெண்ட்ரி வருது.

சுகுணா: பஜார் ஹிந்தின்னா சமாளிச்சிடுவேன். இது ரேடியோ ஹிந்தி மாதிரில்ல இருக்கு. என்ன சொல்றான்?

விஜயன்: கிருத்திகாவப் பாருங்கறான். நம்ம கார்த்திகை நட்சத்திரம், ஆறாமீன்டி.

சுகுணா: எங்க?

விஜயன்: அதோ... தலைக்கு நேரா. கொத்தா இருக்கு பாரு.

சுகுணா: உங்களுக்கு... நல்லா தெரியுதா?

விஜயன்: ஏன் தெரியாம? பளிச்சுனு இருக்கு. ஆறையும் எண்ணிடலாம். ஏய்... என்னாச்சு? ஏன் அழற?

சுகுணா: அங்க ஒண்ணுமே இல்லீங்க.

விஜயன்: என்னது?

சுகுணா: ஒரு நட்சத்திரம்கூட இல்ல. படம் போடாதீங்க, சத்தத்த மட்டும் போடுங்கன்னு சுதாகர்கிட்ட நான்தான் சொல்லி வச்சேன். திட்டுங்க. எவ்ளோ வேணா திட்டுங்க. கேட்டா கத்தறீங்க, டாக்டர்னா எந்திரிச்சுப் போயிடறீங்க. நான் வேற என்னதான் பண்ணட்டும்?

விஜயன்: மெதுவா பேசு. சுதாகர் காதுல விழும்.

சுகுணா: விழட்டும். போட்ல அத்தன ஜனம், கைக்கொழந்தையெல்லாம் வச்சுக்கிட்டு, உங்கள நம்பித் தூங்குதுங்க. நெசத்தச் சொல்லுங்க... இருட்டுல எப்படித்தாங்க ஓட்டறீங்க?

விஜயன்: ...கூட வர்ற யோகராஜ் பக்கத்துல நிப்பான். அவன் இடதுன்னா இடது, வலதுன்னா வலது. அவன் சொல்லச் சொல்ல திருப்புவேன்.

சுகுணா: அய்யோ... எப்பலேருந்து?

விஜயன்: பொங்கலுக்கு முன்னாடியிருந்தே. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு வாயத் தெறக்கல. சுகுணா... நாளைக்கு யோகராஜ் லீவுடி.