எந்தக் கை மேலே?

தலைவர் கனகலிங்கம் அவர்களே, இந்த மண்டபத்தின் கதவை எங்களுக்கு ஒருநாளும் சாத்தாத பங்குத் தந்தை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அருமைநாயகி அக்கா, பக்கத்து அயர்லாந்துச் சங்கத்தின் பயிற்சியாளர் பிரண்டன், எட்மண்டனிலிருந்தும் இல்ஃபோர்டிலிருந்தும் ரெய்னர்ஸ் லேனிலிருந்தும் இந்த மழைக்குள் வந்து சேர்ந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே!

எனக்கு மேடைப் பேச்சு வராது. மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே பேசுவதற்கு ஆளும் இல்லை, அவசியமும் இல்லை. ஒரு முடிவு கையில் வந்தால் அதை இன்னொரு முறை சரிபார்க்காமல் நம்பக்கூடாது என்பது அங்கே முதல் பாடம். அந்தப் பழக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியாது. ஆகவே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நாங்கள் நினைவுகூரக் கூடியிருக்கும் எங்கள் சங்கத்தின் விளையாட்டுச் செயலாளர், அமரர் செபஸ்தியாம்பிள்ளை றெஜினோல்ட் அவர்களைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதி உண்மை. ஹீத்ரோவில் வந்து இறங்கிய எத்தனை குடும்பங்களுக்கு அவருடைய முகம்தான் இந்த நாட்டில் கண்ட முதல் தெரிந்த முகம்! அண்டர்கிரவுண்ட் ரயில் வேலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல், சனிக்கிழமை காலையில் கிரிக்கெட் பைகளோடு பூங்காவில் நின்றவர் யார்? பக்கத்துத் தேவாலயத்து அயர்லாந்துக்காரரிடம் தயங்காமல் போய்ப் பேசி, அவர்களுடைய மைதானத்தில் எங்கள் பிள்ளைகளுக்கும் இடம் வாங்கியவர் யார்? எல்லாம் அவர்தான்.

ஆனால் தலைவர் அவர்களே, நீங்கள் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் நான் மறுக்க வேண்டும். "றெஜினோல்ட் அண்ணை ஒருநாளும் பிழை விட்டதில்லை" என்று சொன்னீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

விட்டார்! ஒரு பெரிய பிழை விட்டார். அந்தப் பிழையைப் பற்றிப் பேசத்தான் நான் எழுந்து வந்தேன்.

அருமைநாயகி அக்கா, உங்கள் கணவரைக் குறை சொல்கிறேன் என்று பயப்படாதீர்கள். நீங்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். உங்களுக்கு அந்தக் கதை தெரியும்.

எண்பத்தெட்டாம் ஆண்டு. மேரிறோஸ் தன் மகள் றோஸ்மலரோடு லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவர் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். றோஸ்மலருக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் எந்த அணிக்கும் எடுப்பதில்லை. இங்கே, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில், செவ்வாய்க்கிழமை மாலைகளில் பிரண்டன் பிள்ளைகளுக்கு ஹர்லிங் என்ற அயர்லாந்து விளையாட்டைப் பழக்குவார். அந்த வயதில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே விளையாடுவார்கள். றோஸ்மலர் ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனாள். அடுத்த வாரம் அவளுடைய கையிலும் அந்த விளையாட்டின் மட்டை, ஒரு பொல்லு, இருந்தது. ஒரு மாதத்தில் அணியில் இடம் கிடைத்தது. ரைஸ்லிப்பில் நடக்கவிருந்த போட்டிக்கு அவளுடைய பெயரும் இருந்தது. ஒரு பிள்ளையின் நடை அதனால் எப்படி மாறும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஹர்லிங் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஹொக்கி போல இருக்கும். கிட்டப் போனால் பந்து தலைக்கு மேலே பறக்கும். நுனி அகன்ற மரப் பொல்லு. சின்னத் தோல் பந்து. அந்தப் பந்தைப் பொல்லின் நுனியில் ஏந்திக்கொண்டும் ஓடலாம். கதைக்கு இவ்வளவு போதும்.

ஒரு சனிக்கிழமை, எங்கள் பையன்கள் கிரிக்கெட் பழகிக்கொண்டிருந்தபோது, இவள் ஒரு ஓரமாகச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். றெஜினோல்ட் அண்ணை யாழ்ப்பாணத்தில் தன் கல்லூரி கிரிக்கெட் அணிக்குத் தொடக்கத் துடுப்பாட்ட வீரர். அவருடைய கண்ணுக்கு அது பொறுக்கவில்லை.

"பிள்ளை, என்ன இது, கை மாறிக் கிடக்கு! கூட்டுறதுக்குத் தும்புத்தடியே பிடிக்கிறாய்? இடக்கை மேல, வலக்கை கீழ. இப்பிடி."

"பிரண்டன் வேற மாதிரி..."

"பிரண்டன் நல்ல மனுசன். ஆனா கிரிக்கெட் பற் பிடிக்கிறதைப் பற்றி எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. மாத்து பாப்பம்."

"ஓம் மாமா."

அந்த "ஓம் மாமா" எங்கள் எல்லோருடைய வீடுகளிலும் இருக்கிறது அல்லவா? ஹீத்ரோவில் வந்து கூட்டிச் சென்ற மாமா சொன்னால் அதற்குமேல் ஒரு பிள்ளை என்ன சொல்லும்?

செவ்வாய்க்கிழமை பிரண்டன் கையை மாற்றி வைத்தார். சனிக்கிழமை றெஜினோல்ட் அண்ணை திரும்பவும் மாற்றினார். பிரண்டன் யார் இப்படிச் சொன்னது என்று கேட்டபோது அவள் வாயே திறக்கவில்லை. மாமாவைக் காட்டிக் கொடுப்பாளா? இப்படி வாரத்துக்கு இரண்டு தரம் கை மாறினால் என்ன நடக்கும்? பந்து பொல்லில் படவில்லை. விரலில் பட்டது. பிரண்டன் வருத்தத்தோடு அவளை அணியிலிருந்து எடுத்து வெளியே உட்கார வைத்தார். அதோடும் முடியவில்லை. றெஜினோல்ட் அண்ணை நல்ல மனத்தோடுதான் மேரிறோஸிடம் போய்ச் சொன்னார்:

"தங்கச்சி, பிள்ளைக்கு அந்தக் கை வாய்க்கேல்லை. ஏன் சும்மா விரலை உடைக்கவேணும்? படிக்க விடுங்கோ."

மேரிறோஸுக்கு அது போதும். பெண்பிள்ளையின் கையில் பொல்லு இருப்பது அவருக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. வரும் செவ்வாயோடு பொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

றோஸ்மலர் ஞாயிற்றுக்கிழமைகளில் விஞ்ஞானம் படிக்க என்னிடம் வருவாள். அந்த ஞாயிறு பேனையைக்கூடத் திறக்கவில்லை.

"என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை அன்ரி."

"ஒண்டுமில்லை எண்டால் ஏன் விரலைப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?"

கொஞ்சம் கொஞ்சமாகக் கதை முழுவதும் வந்தது. கடைசியாகச் சொன்னாள்: "மாமாவும் சரி, பிரண்டனும் சரி. ரெண்டு பேருக்கும் தெரியும்தானே. என்ர கையிலதான் பிழை அன்ரி."

அவையோரே, எனக்கு விளையாட்டு தெரியாது. எந்தக் கை மேலே இருக்க வேண்டும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். ஒரே இரத்தத்தை இரண்டு இயந்திரங்கள் இரண்டு விதமாகச் சொன்னால், நாங்கள் இரத்தத்தைக் குறை சொல்வதில்லை. இரண்டு இயந்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அதைத்தான் செய்தேன். செவ்வாய் மாலை, மேரிறோஸையும் றோஸ்மலரையும் மைதானத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டு போகும்படி றெஜினோல்ட் அண்ணையைக் கேட்டேன். பொல்லைத் திருப்பிக் கொடுக்கத்தானே என்று அவரும் வந்தார். நானும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

மைதானத்தில் பிரண்டனைக் கண்டதும் நான் நேரே கேட்டேன்: "இந்தப் பிள்ளையின் பிடியை மாற்றியவர் இவர்தான். நீங்கள் சொல்வதும் இவர் சொல்வதும் ஒன்றாக இல்லை. யார் சரி?"

பிரண்டன், நீங்கள் எவ்வளவு மரியாதையாகப் பேசினீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. "மிஸ்டர் றெஜினோல்ட், கிரிக்கெட்டில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் இது கிரிக்கெட் இல்லை" என்றீர்கள்.

"பொல்லு எண்டால் பொல்லுதான். அங்க ஒரு பிடி, இங்க ஒரு பிடியே?" என்று அண்ணை என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

பிரண்டன் அந்தத் தமிழைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, ஒரு பொல்லை எடுத்து நீட்டினார். பந்தை அதன் நுனியில் வைத்தார். "இதை விழ விடாமல் அந்தக் கம்பம் வரை ஓடுங்கள்."

பந்தை ஏந்தி ஓடும்போது பொல்லை ஒரு கைதான் பிடித்திருக்கும். மேலே இருக்கும் கை. றெஜினோல்ட் அண்ணைக்கு மேலே இருந்தது இடக்கை. அவரோ வலக்கைக்காரர். இரண்டு அடி வைத்தார், பொல்லு நடுங்கியது, பந்து விழுந்தது. திரும்பவும் வைத்தார், திரும்பவும் விழுந்தது. மூன்றாம் முறை பந்து அவருடைய சப்பாத்தின் மேலேயே விழுந்தது. எங்கள் பையன் ஒருவன் வேலிப் பக்கமிருந்து, கிரிக்கெட்டில் அவுட் கேட்பது போல, "ஹவ்ஸாற்!" என்று கத்தினான். அயர்லாந்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் இவர் யார்? கூட்ட அழைப்பில் தன்னுடைய பெயரை 'றெஜினோல்ட்' என்று போடாமல் 'ரெஜினால்ட்' என்று போட்டுவிட்டார்கள் என்று கூட்டத்திலிருந்தே எழுந்து போனவர்! அவரைப் பார்த்து, எங்கள் பிள்ளைகள் முன்னால், ஆங்கிலத்தில் சிரிக்கிறார்கள். இனி என்ன செய்வார்? பொல்லை எறிந்துவிட்டுக் காரில் ஏறினால், அந்தப் பிள்ளையின் விளையாட்டு அன்றோடு போய்விடும். தன் கையில்தான் பிழை என்று அவள் வாழ்நாள் முழுவதும் நம்பியிருப்பாள்.

அவர் நெற்றியைத் துடைத்தார். றோஸ்மலரைப் பார்த்தார்.

"பிள்ளை, நீ முதல் எப்பிடிப் பிடிச்சனி?"

அவள் தாயைப் பார்த்தாள்.

"அம்மாவைப் பாக்காதை. என்னைப் பாத்துச் சொல்லு."

"வலக்கை மேல மாமா."

"ஏன்?"

"பந்தைப் பிடிக்க, எடுக்க எண்டு கீழ்க்கை அடிக்கடி விட்டுப் போகும். அப்ப பொல்லைத் தனியப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது மேல்கைதான். அதுதான் பலமான கையா இருக்கவேணும்."

அவர் கையை மாற்றினார். ஓடினார். அழகாக ஓடினார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பந்து கம்பம் வரை விழவில்லை. திரும்பி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மேரிறோஸிடம் சொன்னார்:

"தங்கச்சி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். பிள்ளைக்குக் கை இருக்கு. எனக்குத்தான் கண் இல்லை. பொல்லைக் குடுத்திடாதேங்கோ."

அந்த நிமிடம் என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தை இன்றுவரை மறக்கவில்லை. றோஸ்மலர் பொல்லை வாங்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினாள். ரைஸ்லிப்பில் விளையாடினாள். அணி தோற்றது, அது வேறு விடயம்.

அந்த வருடக் கிறிஸ்மஸ் ஒன்றுகூடலில், இதே மண்டபத்தில், இதே மைக்கில், அவர் அந்தக் கதையைத் தானே எல்லோருக்கும் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், ஒரு பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையிடம் தான் பிழை என்று மைக்கில் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் அதற்கு முன் கேட்டதில்லை! அன்று முதல் செயற்குழுவில் நாங்கள் ஒரு தவறான முடிவுக்குப் போனால் அவர் மேசையைத் தட்டுவார்: "கையை மாத்துவம்." நாங்களும் மாற்றுவோம். யாருக்கும் முகம் கறுக்காது. அந்தச் சொல் எத்தனை சண்டைகளை முளையிலேயே முடித்தது!

போன வருடம் இடுப்பில் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர், வலக்கால் நோகிறது என்று ஊன்றுபொல்லையும் வலக்கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றக் கையில் பிடிக்கும்படி மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேட்கவில்லை. அக்கா சொல்லியும் கேட்கவில்லை. "நோகிற பக்கம்தானே பொல்லு வேணும், உங்களுக்கு என்ன விசரே?" கடைசியில் றோஸ்மலருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவள் உடனே வந்து, வாசலில் நின்றபடியே சொன்னாள்: "மாமா, கையை மாத்துவம்."

அவர் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டது என்று அக்கா சொல்கிறார். மாற்றினார். அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் இந்த மைதானத்துக்குத் தானாக நடந்து வந்து ஓரத்து மர வாங்கில் உட்கார்ந்தார். கடைசிச் செவ்வாயும் வந்தார். இரண்டு நாள் கழித்து, தூக்கத்தில், நோவில்லாமல் போனார்.

துக்கம் இருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிட நிம்மதி பெரிதாக இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. படுக்கையில் கிடக்காமல் போனார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய பிழை யாருடைய கையிலும் தங்கவில்லை. அருமைநாயகி அக்கா, ஒரு கை விட்டுப் போய்விட்டது. மற்றக் கை பலமானது என்பது எங்களுக்குத் தெரியும்.

பிரண்டனுக்கு இப்போது முழங்கால் சரியில்லை. வரும் செவ்வாயிலிருந்து சின்னப் பிள்ளைகளை றோஸ்மலர் பழக்குவாள். காரில் ஏற்றி இறக்கும் வேலையைச் செயற்குழு முறை வைத்துச் செய்யும். என் முறையில் நான் வருவேன். விளையாட மாட்டேன். இது எங்கள் முதல் வாக்கு. எங்களுக்குப் பிழை நேர்ந்தால், அதையும் இதே மைக்கில் வந்து சொல்வோம் என்பது இரண்டாவது வாக்கு. முதலாவதைவிட இது கடினம்.

முடிக்கும் முன் ஒன்று. அவருடைய பெயரால் பிள்ளைகளுக்கு ஒரு கேடயம் கொடுக்கப் போகிறோம். அதில் 'பிழையறியாப் பெருந்தகை' என்று பொறிக்க வேண்டும் என்று தலைவர் அறிவித்தார். இன்னும் பொறிக்கவில்லை; கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன். தலைவர் அவர்களே, பெரிதாக ஒன்றும் மாற்ற வேண்டாம். 'பிழையறிந்த பெருந்தகை' என்று போடுவோம்.

கையை மாத்துவம், அண்ணை.