வெள்ளைப் புள்ளிக்குக் காவல்

— கையை எடுங்க டாக்டரம்மா! அந்த வெள்ளைப் புள்ளியைத் தொடாதீங்க!

— அடடா, பயந்தே போயிட்டேன். படத்துக்கு வைத்தியம் பார்க்கிறது நானா, நீங்களாண்ணே? மியூசியக் காவலுக்கு வந்தவர் காவலைப் பாருங்க. இது கூரையிலேருந்து தெறிச்ச சுண்ணாம்பு.

— சுண்ணாம்பா! நல்லா சொன்னீங்க போங்க. அது குழந்தைம்மா. தொப்பி போட்டுக்கிட்டுப் பூவுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கு.

— எங்க குழந்தை? எனக்கு வெறும் பெயின்ட் திட்டுதான் தெரியுது.

— படத்து மேல மூக்கை வச்சுக்கிட்டுப் பார்த்தா அப்படித்தான் தெரியும். இப்படி வாங்க. இருபத்திரண்டு வருஷமா நான் உட்கார்ற நாற்காலி இது. உட்காருங்க. ம், இப்போ பாருங்க.

— ஐயோ... அண்ணே!

— சொன்னேன்ல?

— புல்லெல்லாம் அசையுதே! வெயில் மூஞ்சியில அடிக்குது. அம்மாடி, எவ்வளவு பூ! கிட்டத்துல ஒண்ணுமே இல்லையேண்ணே, எங்கேருந்து வந்துச்சு இவ்வளவும்? ஆமா, குழந்தைதான். தலையைத் திருப்பி யாரையோ தேடுது. இதையா துடைக்கப் போனேன்?

— முதல் நாள் நானும் இப்படித்தான், வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் வருத்தம் வந்துச்சு.

— இதைப் பார்த்தா வருத்தம்?

— இவ்வளவு பெரிய புல்வெளியில தனியா விட்டுட்டுப் போயிருக்காங்களே! எனக்கு அஞ்சு வயசு இருக்கும். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார வச்சுட்டு, ‘இங்கயே இரு, இதோ வந்துடுறேன்’னு போனா எங்கம்மா. வரவேயில்ல. அதான், இதுக்காவது துணையா இருப்போம்னு உட்கார்ந்துட்டேன். லீவு போட்டாக்கூட மனசு இங்கதான் கிடக்கும்.

— கண்ணைத் துடைங்கண்ணே. குழந்தையைத் தொட மாட்டேன், போதுமா? மேல மஞ்சளாப் படிஞ்ச பழைய வார்னிஷை மட்டும் ஓரத்திலேருந்து எடுக்கிறேன். நீங்க நாற்காலியிலயே இருந்து, என்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே வாங்க.

— வானம் வெளுக்குது... அடேயப்பா, இது நான் நினைச்ச மாதிரி சாயங்காலமே இல்ல, நல்ல காலை வெயில்! மரத்தடியிலகூடப் பூ இருக்கு.

— இங்க மஞ்சளுக்கு அடியில நீலமா ஒரு திட்டு வருது. குட்டையாண்ணே?

— இன்னும் கொஞ்சம் துடைங்க.

— இப்போ?

— ஐயோ, இது குட்டை இல்லம்மா!

— அண்ணே? ஏன் எழுந்துட்டீங்க?

— ஒரு பொம்பளை, டாக்டரம்மா. நீலப் பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, குழந்தைகிட்ட ஓடி வர்றா. இத்தனை வருஷமும் வந்துக்கிட்டேதான் இருந்திருக்கா.