பாதியில் நிற்கும் நூலேணி

சிலிபின் வட்டாரத்துக் கிளினிக்கில் எனக்கு முன்வரிசையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுபவர், லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டரின் கையெழுத்து வாங்க வந்திருக்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"தீபாவளிக்கு அப்புறம் அந்த மாடல் கப்பல்ல ஒரு நூல்கூட கட்டல நீங்க," என்றார் அந்த அம்மா திடீரென்று.

"நேரமில்ல லா."

"தினமும் கதவ சாத்திக்கிட்டு அந்த மரக்கப்பலோடதானே இருக்கீங்க? பாய்மரத்துல ஏறுற நூலேணி பாதியிலேயே நிக்குது. குப்பைத்தொட்டி பூரா அறுந்த நூலு."

"மெதுவா பேசு."

"கை நடுங்குது. அதானே?"

அவர் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டியரிங்க புடிச்சா நடுங்காது. அது பொடி முடிச்சு, இது பஸ்ஸு. ரெண்டும் ஒண்ணா?"

"டாக்டர்கிட்ட சொல்லிருங்க."

"சொன்னா கையெழுத்து போடமாட்டாரு. அப்புறம் வீட்ல உக்காந்து என்ன செய்ய? கப்பல் கட்டவா? அதுவுந்தான் முடியலயே!"

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார். "பஸ்ல புள்ளைங்க இருக்குங்க. நம்ம பேத்தியும் அதுலதான் போறா."

நர்ஸ் கணவரின் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்து டாக்டர் அறைக் கதவு வரை போனவர், கைப்பிடியைத் தொடாமல் திரும்பிப் பார்த்தார்.

"நீயும் வா," என்றார். "தனியா போனா பொய் சொல்லிருவேன்."