தொப்புள்மேல் வைத்த காசு

சுங்குவார்சத்திரத்தில் மாடு பார்க்கப் போய், அது உதைக்கிற மாடு என்று தெரிந்து, வெறுங்கையோடு காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். அந்த ரோட்டில் அப்போது கம்பெனி ஏது, கத்தரித் தோட்டம்தான். முன்சீட்டில் பச்சைக்குழந்தையோடு ஒருத்தி, பக்கத்தில் புருஷன், பின்னால் அவள் அண்ணன். குழந்தையின் வயிற்றில் சுற்றிய துணி சிவந்திருந்தது.

அண்ணன்தான் ஆரம்பித்தான். “ரத்தம் நிக்கும்னு தொப்புள்மேல காசு வச்சுக் கட்டினியே மச்சான், காசப் பாத்து சலாம் போட்டு நின்னுச்சா?”

“சும்மா இரு மச்சான்.”

“பொறந்த புள்ளைக்கு வைட்டமின் கே பத்தாது, ரத்தம் ஒறையாதுன்னு நர்ஸம்மா வூடு தேடி ஊசி எடுத்துகினு வந்துச்சு. தொரை தொரத்திட்டாரு.”

“பச்ச ஒடம்பு. குத்துனா ஒரு சொட்டு ரத்தம் வந்துடுமேன்னு பயந்தேன்.”

“ஆமா, அந்த ஒரு சொட்டுதான் காலைலேர்ந்து வந்துகினே கீது.”

கண்டக்டர் டிக்கெட் கேட்டார்.

“அந்தக் காச அவுத்துக் குடு மச்சான், இதுக்காவது ஆவட்டும்.”

அவள் துணியை அழுத்திப் பிடித்தபடி குழந்தையின் முகத்தையே பார்த்தாள். ஆஸ்பத்திரி நிறுத்தம் வருமுன்பே புருஷன் எழுந்து கூட்டத்தைத் தள்ளினான்.

“வழி வுடுங்கய்யா, எம்புள்ளைக்கு ஊசி போடணும்!”