கண்காணிப்புக் குழுவின் ஐந்தாவது பெயர்

தலைமைப் பொறுப்பைத் தயங்காமல் ஏற்று, தும்பைப்பூ வேட்டியில் ஒரு சுருக்கமும் விழாமல் வீற்றிருக்கும் பெரியவர் இராஜமாணிக்கம் ஐயா அவர்களே! இந்த இல்லத்தின் நிர்வாகத்தைத் தோளிலும் சாவிக்கொத்தை இடுப்பிலும் சுமக்கும் சகோதரி சந்திரலேகா அவர்களே! பெண்ணாடத்திலிருந்தும் வேப்பூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் மகன்களே, மகள்களே, மருமக்களே! பீங்கான் பட்டறையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய களிமண் காயுமுன் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! இவர்கள் எல்லோருக்கும் மேலாக, இந்த வேம்படி முதியோர் இல்லத்தில் வாழ்ந்து, இதை வீடாக்கி வைத்திருக்கும் நாற்பத்திரண்டு பெரியோர்களே! உங்கள் அனைவரையும் வணங்கி மகிழ்கிறேன்.

என் பெயர் பூங்கோதை. "தெரியும், தெரியும்" என்கிறார்கள் முன்வரிசையில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதியோர் இல்லங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதும் அலுவலராகப் பத்தாண்டு இருந்து, ஓய்வு பெற்றவள். இந்த இல்லத்தின் பதினைந்தாம் ஆண்டு விழாவில் இன்று ஒரு கண்காணிப்புக் குழு அமைகிறது. ஐந்து பேர். மாதந்தோறும் சமையலறை முதல் கழிவறை வரை பார்த்து, குறையை எழுதி, சரிசெய்ய வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. மருத்துவர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், பட்டறை முதலாளி ஒருவர், தலைமையாசிரியர் ஒருவர், ஐந்தாவதாக நான். நல்ல பெயர்கள்தான்! நாடறிந்த பெயர்கள்தான்! ஆனால் இங்கே உண்டு, இங்கே உறங்கி, இங்கே குளிக்கிற நாற்பத்திரண்டு பேரில் ஒருவர் பெயராவது அந்தத் தாளில் இருக்கிறதா? தலைவர் கையெழுத்துப் போடுவதற்குள் அதைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இந்த ஒலிபெருக்கி முன்னால் வந்து நிற்கிறேன்.

பதினாறு ஆண்டுகள் பின்னே போகிறேன். இதே விருத்தாசலத்தில் இன்னொரு இல்லம் இருந்தது. பெயர் வேண்டாம், இன்று அது இல்லை. "நாளை மறுநாள் வருகிறேன்" என்று போனில் சொல்லிவிட்டுத்தான் அங்கே ஆய்வுக்குப் போனேன். சொல்லாமல் ஒரு வீட்டுக்குப் போவது மரியாதையா என்ன? போனால் வாசலில் கோலம்! கட்டிலெல்லாம் புது விரிப்பு! மதியம் வடை பாயசம்! "நல்லா இருக்கீங்களா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். "நல்லா இருக்கோம்மா" என்றார்கள். சிரிக்காதீர்கள் தாய்மார்களே! காய்ச்சலில் கிடந்தாலும், வந்தவர் கேட்டால் "நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா" என்று சொல்வதுதானே நம் வாய்ப்பழக்கம்? அந்த வாய்ப்பழக்கத்தை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு நான் படிவத்தை நிரப்பினேன்.

ஒருவர் மட்டும் கட்டிலை விட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். கோதண்டபாணி ஐயா. வேப்பூர் சாலையில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். "ஏன் ஐயா கீழே?" என்றேன். "விரிப்பு அழுக்காயிடும்மா. நீங்க போனதும் திருப்பிக் குடுக்கணும்" என்றார். வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். "குறைகள் ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து, வேறு வேலையாகப் போனவள் மழைக்கு அந்த இல்லத்தில் ஒதுங்கினேன். கோலம் இல்லை. விரிப்பு இல்லை. வெறும் கட்டிலின் இரும்புப் பட்டை பட்டு, கோதண்டபாணி ஐயாவின் முதுகெல்லாம் புண். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா ஐயா?" என்று கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"சொன்னேனேம்மா. நீங்க சிரிச்சீங்க. சரி, இவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருக்குதுன்னு வுட்டுட்டேன்."

அவையோரே! எத்தனை மேலதிகாரிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள்! ஒரு திட்டும் என்னை அப்படிச் சுடவில்லை. அன்று வெட்கப்பட்டேன், இன்று உங்கள் முன்னால் சொல்லும்போதும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த ஆண்டு வேம்படி திறந்தது. குணமாகி வந்த கோதண்டபாணி ஐயாதான் இங்கே முதல் ஆளாகப் பெயர் பதிந்தார். ஆகா, அந்த நாட்கள்! மாலை நான்கு மணி, முற்றத்தில் வேப்பம்பூ வாசம், கைப்பிடி கோணிப்போனதென்று பட்டறைக்காரர்கள் இனாமாகக் கொடுத்த கோப்பைகளில் டீ! சந்திரலேகாவுக்கு அப்போது முடியெல்லாம் கறுப்பு. இப்போதும் கறுப்புதான் என்கிறார், ஒப்புக்கொள்வோம்! கோதண்டபாணி ஐயா என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொல்வார்: "செக்போஸ்ட்டு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சா எந்த டிரைவரும் ஒழுங்காத்தான் வருவாம்மா. நீ சொல்லாம வா. வந்து, நல்லா இருக்கியான்னு கேக்காத. நேத்து ராத்திரி என்ன தின்னன்னு கேளு. பாத்ரூமுக்குப் போயி சோப்பு நனைஞ்சிருக்குதான்னு தொட்டுப் பாரு."

சொல்லாமல் வந்தேன். தொட்டுப் பார்த்தேன். சண்டை போட்டேன். சந்திரலேகாவும் நானும் ரசத்துக்காக ஒருநாள் போட்ட சண்டை கடைவீதி வரை கேட்டது! அந்தச் சண்டைகளால்தான் இது நல்ல இல்லமாயிற்று. கோதண்டபாணி ஐயா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் கேட்டைத் திறந்தால் அந்தக் கனத்த குரலைத்தான் என் காது தேடுகிறது. அந்த மாலைகளை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

அந்த ஏக்கம்தான் ஆபத்து! ஏன் என்று கேட்கிறீர்களா?

போன மார்கழியில் மூன்று முறை இங்கே வந்தேன். சந்திரலேகாவோடு பழங்கதை பேசினேன், டீ குடித்தேன், கண் கலங்கினேன், வீட்டுக்குப் போனேன். அந்த நாட்களில் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் கெட்டுக் கிடந்திருக்கிறது. பதினோரு நாள்! நாற்பத்திரண்டு பேரும் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறார்கள். நான் பார்த்தேனா? கேட்டேனா? தொட்டேனா? இந்த இல்லத்தின் மீது எனக்கிருக்கிற பாசம் என் கண்ணைக் கட்டிவிட்டது. வெளியிலிருந்து வருகிற எவருக்கும், எவ்வளவு நல்லவரானாலும், என்றாவது ஒருநாள் இது நேரும்.

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து நின்று கேட்டவர் யார்? அதோ, மூன்றாவது வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாரே, தனக்கோடி அம்மா! "நீங்க வெந்நீர்ல குளிச்சிட்டு வரீங்க, எங்களுக்கு மட்டும் வெறைக்காதா?" என்று சந்திரலேகாவைக் கேட்டார். மறுநாளே ஹீட்டர் ஓடியது. கேட்டவருக்கும் பெருமை, அதைக் கேட்டுச் சரிசெய்தவருக்கும் பெருமை!

ஆகவே தலைவர் அவர்களே, என் பெயரை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் தனக்கோடி அம்மாவின் பெயரை எழுதுங்கள். யாரைக் காப்பதற்காகச் சட்டமோ, அவர் கையில் ஒரு பிடி கொடுங்கள்! யாருக்காகக் கண்காணிப்போ, அவருடைய கண்ணும் அதில் இருக்கட்டும்!

என்னம்மா? "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா" என்கிறார். எழுத நான்கு பேர் இருக்கிறார்கள் அம்மா. என்ன எழுதுவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை!

தலைவர் பேனாவை எடுத்துவிட்டார்... அடித்துவிட்டார்... எழுதியும்விட்டார்! தட்டுங்கள் கையை! என் பெயர் போனதற்கு இப்படி மகிழ்ந்தது இன்றுதான்.

அம்மா எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அம்மா. "மொதக் கொறைய இப்பவே சொல்லலாமா?" என்று கேட்கிறார். தாராளமாகச் சொல்லுங்கள்!

"பன்னெண்டரைக்குச் சாப்பாடு போடணும். மணி ஒன்னே கால் ஆவுது. நீங்க பேசிக்கிட்டே இருக்கறதுல சோறு ஆறிப்போச்சு."

எழுதிக்கொள்ளுங்கள் சந்திரலேகா! குழுவின் முதல் குறை, என் மேல். குறை உண்மை, குற்றம் என்னுடையது. பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட பசித்த வயிறுகளுக்கும் என் நன்றி. எழுந்திருங்கள், சாப்பிடப் போவோம். வணக்கம்!