நாற்பத்தேழு கிலோ

உங்கள் அறிக்கையில் ஒரு சிறு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். காபிக்கு நன்றி. கொஞ்சம் தண்ணியாக இருக்கிறது, ஆனால் காவல் நிலையத்துக் காபியைக் குறை சொல்ல நான் இருபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு வரவில்லை.

இரண்டாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி. "உடன் சென்றவர், வயது அறுபத்துநான்கு, அவசரத்துக்குத் தேவையான கருவிகளை எடுத்துச்செல்ல மறந்துவிட்டார்." உடன் சென்றவர் நான்தான். வயது சரி. 'மறந்துவிட்டார்' என்பதுதான் தவறு. யானைக்கும் அடி சறுக்கும் என்று நீங்கள் பெருந்தன்மையாக விட்டிருக்கலாம். ஆனால் இந்த ஆர்வி எதையாவது மறப்பானா என்று ஊரில் யாரையாவது கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள்.

நான் தபால் நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் பொதிகளை எடைபோட்டவன். அந்தப் புத்தி விடுமுறையிலும் போகாது. ஒவ்வொரு மார்ச் மாதமும் நானும் என் நண்பன் ரௌனோவும் உறைந்து கிடக்கும் முஸ்தா ஏரிக்குப் போய்க் கூடாரம் போட்டு, பனியில் துளையிட்டு நான்கு நாள் தூண்டில் போடுவோம். இருபத்தேழு வருடப் பழக்கம். கூடாரம், தகர அடுப்பு, இரண்டு கலைமான் தோல், பனியைத் துளைக்கும் திருகு, அதற்கு மாற்று அலகு, மாற்று அலகு உடைந்தால் இன்னொன்று, மூன்று கெண்டி, இருபது மீட்டர் கயிறு, இவ்வளவும் நான் கட்டிக்கொண்டு போவேன். ரௌனோ சட்டைப்பையில் ஒரு தூண்டிலும் இடுப்பில் ஒரு கத்தியும் கையில் ஒரு பொட்டலம் சாசேஜுமாக வந்து நிற்பான்.

"என்னடா ஆர்வி, பொண்டாட்டிய மட்டும்தான் வீட்ல விட்டுட்டு வந்தியா?" என்பான். "மூணு கெண்டி எதுக்குடா? ஒண்ணு கொதிக்கும், மத்த ரெண்டும் உக்காந்து வேடிக்கை பாக்குமா?"

எனக்கு அவனைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி சொல்லப்போவதை என் மனைவி சிர்க்காவுக்குக்கூடச் சொன்னதில்லை. முதல் வருடம் நாங்கள் கிளம்பும்போது ரௌனோவின் மனைவி காய்சு என்னைத் தனியாக அழைத்து, "அது கண்ண மூடிக்கிட்டு நடக்கிற ஜென்மம், ஆர்வி. நீதான் பாத்துக்கணும்" என்றாள். பதிவுத் தபாலை வாங்கிக்கொள்வதுபோல அவனை நான் பொறுப்பேற்றுக்கொண்டேன்.

என் எடை அறுபத்தொரு கிலோ. ரௌனோ நூற்றெட்டு. எங்கள் ஊர்ப் பக்கம் முன்னே போகிறவன் கடப்பாரையால் பனியைக் குத்திப் பார்த்து, "தாங்குது" என்று குரல் கொடுக்க வேண்டும். பின்னால் வருகிறவன் அதை நம்பி வருவான். ஆனால் என்னைத் தாங்கும் பனி அவனைத் தாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வித்தியாசம் நாற்பத்தேழு கிலோ. அதனால் என் மூட்டையை நாற்பத்தேழு கிலோவுக்குக் கட்டினேன். மூன்றாவது கெண்டி அதற்காகத்தான். மூட்டையை வைத்து நான் இழுத்துவரும் பனிவண்டி பாரத்தைப் பரப்பிவிடும் என்பதால், சந்தேகமான இடம் வந்தால் மூட்டையை இறக்கி முதுகில் ஏற்றிக்கொண்டு, கால் மடங்க மடங்க முன்னே நடந்து தட்டிப் பார்ப்பேன். கரை சேர்ந்த பிறகே குரல் கொடுப்பேன். காரணத்தைச் சொன்னதில்லை. ஒருவனிடம் நீ குண்டன் என்று எப்படிச் சொல்வது? நான் கூச்ச சுபாவி. கிட்டத்தட்ட என் எடைக்கு என் கூச்சமும் இருக்கும்.

சென்ற பிப்ரவரியில் பணி ஓய்வு பெற்றேன். தபால் நிலையத்தில் கேக் வெட்டி, பழைய பொதித் தராசை எனக்கே பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது ரௌனோ எழுந்தான். ஒரு தபால் சாக்கை முதுகில் ஏற்றிக்கொண்டு, முழங்காலை மடக்கி, துடைப்பக் கட்டையால் தரையைத் தட்டியபடி அறையைச் சுற்றி வந்தான்.

"வண்டி காலியா நிக்குது! இவன் மூட்டைய முதுகுல தூக்கிட்டுப் போறான்! தாங்குது... தாங்குது..."

அறையே குலுங்கியது. சிர்க்கா சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. நானும் சிரித்தேன். அவன் நடித்தது நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள், "இனிமேலாவது கொஞ்சம் கம்மியா கட்டிக்கிட்டுப் போயேன், ஆர்வி" என்றாள்.

நல்ல யோசனையாகப் பட்டது. ஊர் சொல்வதைக் கேட்பதில் என்ன தவறு? தராசைக் கொட்டகையில் வைத்து ஒவ்வொன்றாக எடைபோட்டு வெளியே எடுத்தேன். மூன்றாவது கெண்டி, இரண்டாவது கெண்டி, மாற்று அலகுகள். கூடாரத்தையும் அடுப்பையும் ஊர்க்காரர் ஒருவரின் பனிமோட்டார் வண்டியில் முதல் நாளே கரைக்கு அனுப்பிவிட ஏற்பாடு செய்தேன். கயிறு தொள்ளாயிரம் கிராம். அதையும் எடுத்து ஆணியில் மாட்டினேன். இன்னும் அங்கேதான் தொங்குகிறது, போய்ப் பார்க்கலாம். மூட்டை பதினோரு கிலோவுக்கு வந்தது.

பனியில் விழுந்தால் குத்திப் பிடித்து ஏற, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இரட்டை ஆணி இருக்கிறதே, ரௌனோவுக்கும் சேர்த்து இரண்டு ஜோடி கொண்டுபோவது என் வழக்கம். இந்த முறை ஒரு ஜோடிதான். ஒரு ஜோடி தொண்ணூறு கிராம். அதை எடைக்காகக் குறைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, உடம்புக்கு நல்லது என்று, பனிச்சறுக்குக் கட்டையில் தனியாக ஏரிக்குப் போய்வந்தேன். ஏரியின் நடுவே ஒரு குறுகல் உண்டு. அடியில் நீரோட்டம். அங்கே துளைபோட்டுப் பார்த்தேன். நான்கு விரல் கனம், அதுவும் வெயில் தின்ற பனி.

கிளம்பிய அன்று என் மூட்டையைப் பார்த்து ரௌனோ வாயைப் பிளந்தான். "டேய், மீதி எங்கடா? திருடன் கொண்டுபோயிட்டானா?"

"குறைச்சிட்டேன்."

"அறுபத்துநாலு வயசுல மனுஷன் ஆயிட்டடா!" என்று என்னைக் கட்டிப்பிடித்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை குறுகலுக்கு வந்தோம். மீன் அந்தப் பக்கம். கரையோரமாகச் சுற்றினால் இடுப்பளவு பனியில் ஒரு மணி நேரம்.

"தாங்குமாடா?" என்றான்.

"பாத்துட்டுச் சொல்றேன்."

மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு, கடப்பாரையால் தட்டியபடி கடந்தேன். நடுவில் காலுக்கடியில் பனி முனகியது. அக்கரை சேர்ந்து திரும்பி, "தாங்குது" என்று குரல் கொடுத்தேன். அது பொய்யில்லை. என்னைத் தாங்கியது. யாரைத் தாங்குது என்பது அந்தச் சொல்லில் இல்லையே. நீங்கள் சட்டம் படித்தவர், உங்களுக்குத் தெரியும்.

ரௌனோ இறங்கினான். இல்லாத மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, முழங்காலை மடக்கி, தூண்டிலைக் கடப்பாரைபோலப் பிடித்துத் தட்டுவதாக நடித்து, "தாங்குது... தாங்குது..." என்று என்னைப்போலவே வந்தான். நான் சிரித்துவிட்டேன். நடுவில் வந்தபோது உள்ளே போனான்.

தலை மேலே வந்ததும் அவன் முகத்தில் பயம் இல்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. "கயிறப் போடுடா, சீக்கிரம்! உங்கிட்ட இல்லாததா!" என்று கத்தினான். இருபத்தேழு வருடத்தில் என் மூட்டையை அவன் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

ஆணி ஒரு ஜோடி என் கழுத்தில் தொங்கியது. எட்டு மீட்டர் தூரம். வீசினால் போய்ச் சேர்ந்திருக்கும். நான் பொதிகளை வீசிப் பழகியவன்.

வீசவில்லை. பதில்தான் சொன்னேன். "கயிறு இல்லடா. நீ சொன்ன மாதிரி குறைச்சிட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகும் பனி விளிம்பைக் கையால் பிடித்துப் பிடித்து உடைத்துக்கொண்டிருந்தான். எட்டு நிமிடம். கடிகாரம் பார்த்தேன். அதற்குப் பிறகே உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். காய்சு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூட இருந்தியே, அதுவே போதும்" என்று அழுதாள். அன்றிலிருந்து தூக்கமில்லை. அதுவல்ல நான் வந்த காரணம். அந்தப் பிழைதான். 'மறந்துவிட்டார்' என்பதை அடித்துவிட்டு 'குறைத்துவிட்டார்' என்று எழுதுங்கள்.

நான் சொன்ன பதிலையும் அப்படியே, என் வார்த்தையிலேயே எழுதுங்கள். இதுவரை யாரிடமும் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. சிர்க்காவிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். என் வாழ்நாளில் சரியான நேரத்தில் சரியாக வந்து விழுந்த ஒரே நகைச்சுவை அது. கேட்டவன் ஒருவன்தான், அவனும் ரசிக்கும் நிலையில் இல்லை.

நீங்களும் சிரிக்கவில்லையே. இன்னொரு முறை சொல்லட்டுமா?