ஒப்பத்துக்கு ஒரு பல்

"இன்னும் அஞ்சு வருஷம் என்ட பல்லு காத்திருக்கும்" என்று யாரோ சொன்னது கேட்டு நிமிர்ந்தேன்.

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ். முன் இருக்கையில் கன்னம் வீங்கிய ஒரு தாய், தகப்பன், நடுவில் மகள். மகளின் மடியில், கராச்சியில் பல் வைத்தியம் படிக்கப் போவதற்கான விண்ணப்பம். தகப்பன் இன்னும் ஒப்பம் வைக்கவில்லை.

"ஆம்பிள டொக்டருக்கு முன்னால நான் வாயத் திறக்க மாட்டன். இவள் படிச்சிட்டு வரட்டும்" என்றார் தாய்.

"பொம்புளப் புள்ளயத் தனியக் கடல் தாண்டி அனுப்பச் சொல்றியா?" என்றார் தகப்பன்.

மகள் குறுக்கிட்டாள். "தனிய இல்ல வாப்பா. நம்மட ஊர்ப் புள்ளைகள் ரெண்டு பேர் அங்க படிக்கிறாங்க. நாளைக்குத் தபால்ல போடாட்டி எல்லாம் முடிஞ்சிரும்."

தகப்பன் மகளின் மடியிலிருந்த விண்ணப்பத்தை எடுத்தார்.

"சரி, ஒப்பம் வைக்கிறன். ஆனா உன்ட உம்மா இண்டைக்கே ஆஸ்பத்திரியில அந்தப் பல்லப் புடுங்கணும்."

தாய் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். மகள் அவரையே பார்த்தாள்.

"முதல்ல நீங்க ஒப்பத்த வைங்க" என்றார் தாய் கடைசியில்.

கொண்டக்டர் காதில் செருகியிருந்த பேனையை எடுத்து நீட்டினார். தகப்பன் ஒப்பம் வைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் மூவரும் இறங்கினார்கள். தாய் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். மகள் பின்னால் ஓடினாள்.

"உம்மா, நில்லுங்க! நானும் உள்ள வாறன். எப்பிடிப் புடுங்குறாங்க எண்டு பாக்கணும்!"